கோல் எடுத்தால் என்ன கதைப்பது?

"சாப்பிட்டியா?" "ஓம்." "பள்ளிக்கூடம் போனியா?" "ஓம்." "அங்க குளிரா?" "ஓம்." பிறகு, "இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்."

இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் அம்மம்மாவுக்கும் ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருக்கும் பேத்திக்கும் நடக்கும் வீடியோ கோல் அநேகமாக இவ்வளவுதான். பாசத்தில் குறை இல்லை. கதைக்க விசயம்தான் இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகுதான் கைபேசி எங்கள் கிராமங்களுக்குள் பரவலாக வந்தது. அதற்கு முதல் ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் எடுக்கும். ஆனால் நாலு பக்கம் எழுத விசயம் இருந்தது. கடிதம் எழுத முதல் இருந்து யோசிப்போம். கோல் எடுக்க முதல் யாரும் யோசிப்பதில்லை. போனுக்குள்ளால் உறவை வளர்க்க நினைப்பவர் முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

நேரம்

எங்கள் மணிக்கூடு ஆண்டு முழுவதும் ஒன்றுதான். அவர்களுடையது இரண்டு தடவை மாறும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். கனடாவில் ரொறன்ரோ பக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையில் 4½ மணித்தியாலம், குளிர்காலத்தில் 5½. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே என்றால் 3½, 4½. ரொறன்ரோ 9½, 10½. சிட்னியும் மெல்பேர்ணும் எங்களுக்கு முன்னால் ஓடும்: ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் தொடக்கம் வரை 4½, மற்ற மாதங்களில் 5½. "போன கிழமை இந்த நேரம் எடுத்தவை, இந்தக் கிழமை எடுக்கேல்ல" என்ற மனத்தாங்கல்களில் ஒரு பங்கு இப்படி மணிக்கூடு மாறும் கிழமைகளில்தான் வரும். அதற்குக் காரணம் மனிதர் இல்லை, மணிக்கூடு.

கனடாப் பிள்ளைக்கு இரண்டு நேரம் பொருந்தும். ஒன்று அவர்களின் சனி காலை 9 மணி. இங்கே பின்னேரம் 6.30 அல்லது 7.30. மற்றது எங்களின் விடியப்புறம். அம்மம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் 5.30 மணிக்கு, குளிர்காலத்தில் அங்கே முதல்நாள் இரவு 7 மணி. பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும் நேரம். ஐரோப்பாப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு 4 மணிக்கு வீட்டுக்கு வந்தால் இங்கே இரவு 7.30 அல்லது 8.30. மெல்பேர்ணில் மாலை 6 மணி என்றால் இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், 15 நிமிடம். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட இது நல்லது. சின்னப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது ஒரு யுகம். அதற்குள் அம்மம்மாவின் முகம் திரும்பவும் அந்நியமாகிவிடும். கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தவறப்போகிறதென்றால் முதல்நாளே ஒரு வரி அனுப்புங்கள்.

போனை எங்கே வைப்பது

போர் முடிந்து கட்டிய வீடுகள் பல தகரக் கூரை. தகரம் சிக்னலை மறிக்கும், மழை பெய்தால் காதையும் அடைக்கும். ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கத்துக் காட்டோர வீடுகளில் உள்ளுக்குள் ஒரு கோடு காட்டுவது விறாந்தைக்கு வந்தால் மூன்று கோடாகும். வளவுக்குள் நடந்து பார்த்து, நல்லாக எடுக்கும் இடத்தில் ஒரு கதிரை போட்டுவிடுங்கள். அதுதான் இனிக் கோல் கதிரை.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி இருந்தால் அங்கே தெரிவது கறுத்த நிழல் மட்டும். கமராக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒருக்காத் துடையுங்கள். குசினிப் புகையும் எண்ணெயும் படிந்த போனில் எல்லாரும் பனிக்குள் நிற்பதுபோல் தெரிவார்கள். போனைக் கையில் பிடிக்க வேண்டாம். பிடித்தால் ஐந்தாம் நிமிடம் கை தளர்ந்து, நெற்றியும் கூரைத் தீராந்தியும்தான் தெரியும். கேட்கவில்லை என்று காதில் வைத்தால் பேத்தி 15 நிமிடமும் அம்மம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒரு பால்மா ரின்னில் சாய்த்து, கண் உயரத்துக்கு வையுங்கள். காது மந்தமானவர்களுக்கு வயர் உள்ள இயர்போன் வாங்கிக் கொடுங்கள். லவுட்ஸ்பீக்கரில் எதிரொலி வரும், அயல் வீட்டுக்கும் கதை போகும்.

டேட்டா: வட்ஸ்அப் குரல் கோல் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி தின்னும், வீடியோ என்றால் 5 எம்பி அளவில், சிக்னலைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். கிழமைக்கு 15 நிமிட வீடியோ மாதத்துக்கு 300 எம்பிக்குக் கிட்ட. அதைவிடக் கூடுதலாகத் தின்பது குரூப்பில் தானாக இறங்கும் வீடியோக்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா'வுக்குள் போய் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அதே இடத்தில் 'யூஸ் லெஸ் டேட்டா ஃபோர் கோல்ஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கும், கோல் அறாது.

கோலுக்குள் என்ன வைப்பது

ஒரு தொடர்கதை வையுங்கள். கிழமைக்குக் கிழமை வளரும் ஏதாவது ஒன்று. வன்னி வளவில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு அடைக்கோழியை எடுத்துக்கொள்வோம்.

கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிக்க 21 நாள், சரியாக மூன்று கிழமை. ஒரு சனிக்கிழமை அடை வையுங்கள். அன்றைக்குக் கோலில் கடகத்துக்குள் வைக்கோலையும் பத்துப் பன்னிரண்டு முட்டையையும் காட்டி, "எது உன்ர?" என்று கேளுங்கள். பிள்ளை காட்டும் முட்டையில் பென்சிலால் அவளின் பெயரின் முதல் எழுத்தைப் போடுங்கள். ஒரு முட்டையோடு நிற்காமல் மூன்றில் போடுங்கள். ஒன்று கூழாகிப் போனால் மற்றது காப்பாற்றும். இரண்டாம் சனி, ஏழாம் நாள். இருட்டின பிறகு முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தால், கரு பிடித்த முட்டைக்குள் சிலந்திவலை போலச் சிவப்பு நரம்பு தெரியும். போன் கோலில் இருப்பதால் டோர்ச்சை இன்னொருவர் பிடிக்க வேண்டும். அந்த வேலையைத் தம்பிக்காரனுக்குக் கொடுத்தால் அவனும் கதைக்குள் வந்துவிடுவான். மூன்றாம் சனி உள்ளே கறுத்திருக்கும், ஒரு பக்கம் காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நாலாம் சனி "ஆரும் எழுப்பாமலே எழும்பி நிக்கிறாள்" என்று அங்கிருந்து செய்தி வந்தாலும் வரும்.

இந்த நாலு கோலிலும் யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்கத் தேவை வராது. ரொறன்ரோப் பிள்ளைக்கு நரம்பு, கூழ்முட்டை, அடை, செட்டை என்று நாலு புதுச்சொல் பாடம் இல்லாமலே வந்துவிடும். அடுத்தது குஞ்சுக்குப் பெயர். பெயர் வைத்த குஞ்சைப் பிறகு கறியாக்கினால் அந்த விசயத்தைக் கோலில் சொல்லாமல் விடுவது புத்தி.

காலபோகத்துக்கு விதைத்த வயலையும் இப்படிக் காட்டலாம். ஒக்டோபரில் வெறும் சேறு, பிறகு பயிர், குடலை, கதிர், தைமாசியில் அரிவு வெட்டு. ஒவ்வொரு தடவையும் அதே வரம்பில், அதே வேம்பைப் பார்த்து நின்று காட்டுங்கள். இடம் மாறினால் வளர்ச்சி தெரியாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயும் நாள், இவற்றைப் போகும் வழியிலிருந்தே காட்டலாம். ஆனால் இவை ஒருநாள் விருந்து. உறவு ஒட்டுவது கோழியில்தான்.

அங்கிருந்தும் ஒரு தொடர்கதை வரவேண்டும். ஆடுகிற பல், யன்னலுக்கு வெளியே நிற்கும் ஒரு மரம், நீச்சல் வகுப்பு. பிள்ளை அம்மம்மாவுக்கு ஒன்றைப் படிப்பிக்கட்டும்: வட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் அனுப்புவது எப்படி என்பதாகவும் இருக்கலாம். தான் பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்ற பெருமை பிள்ளையை அடுத்த கிழமையும் கூட்டி வரும்.

கோலைக் கொல்லும் வசனங்கள் சில உண்டு. "நான் ஆர் சொல்லு பாப்பம்?" என்பது சோதனை, தெரியாத பிள்ளை வெட்கப்பட்டு ஓடிவிடும். பதிலாக, "அப்பம்மா வந்திருக்கிறன்" என்று நீங்களே முறை சொல்லித் தொடங்குங்கள். பத்துத் தடவை கேட்டால் பிள்ளை தானே கூப்பிடும். "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்", "கறுத்திட்டாய்" என்பவை எங்களுக்கு அன்பு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு ஆறாத புண். பெற்றோர் பக்கத்துப் பிழை, ஒவ்வொரு வசனத்தையும் இடையில் நின்று மொழிபெயர்ப்பது. அரைத் தமிழில் பிள்ளை தடுமாறட்டும். விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுங்கள்.

தமிழ் குறைந்த பிள்ளைக்கு வொயிஸ் மெசேஜ் கோலைவிட உதவும், திருப்பித் திருப்பிக் கேட்கலாம் என்பதால். அம்மம்மாவின் வொயிஸ் 40 வினாடிக்குள் இருக்கட்டும். ஒரு வொயிஸில் ஒரு விசயம். கடைசியில், படம் எடுத்தே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி: "உங்கட வீட்டு வாசல்ல இப்ப என்ன நிறப் பூ?" மைக்கை அமர்த்தி மேலே இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், விரல் நடுங்கும் வயதானவர்களுக்கு இதைப் பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் அறுந்த வொயிஸ்தான் போகும்.

காசுக் கோல் வேறு, பாசக் கோல் வேறு

உறவுகள் முறிவது அநேகமாக இந்த இடத்தில். இங்கிருப்பவருக்குத் தேவை உண்மை. அங்கிருப்பவருக்கும் வீட்டுக் கடனும் இரட்டை வேலையும் உண்மை. இரண்டும் பேத்தியோடு கதைக்கும் கோலின் கடைசி நிமிடத்தில் வந்து மோதும்போது, ஆறு மாதத்தில் அந்த நம்பரைக் கண்டாலே அங்கே நெஞ்சு இடிக்கும். பிறகு கோல் எடுபடாது. இங்கே "காசுக்காரர் ஆகிட்டினம்" என்ற கதை எழும்பும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காசு விசயத்துக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். கதைப்பவர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரியவர், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம். கேட்பதை எழுத்தில் அனுப்புங்கள்: எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள், கடனா உதவியா. 'கொஞ்சம் காசு' என்று எழுத வேண்டாம். 'நீர்ப்பம்பி திருத்த 18,000 ரூபா, 20ஆம் திகதிக்குள், அறுவடைக்குப் பிறகு திருப்பித் தருவோம்' என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், கேட்க முதலே. முடியாதென்றால் அங்கிருப்பவர் இரண்டு நாளுக்குள் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நீலக் கோடு விழுந்தும் பதில் இல்லாமல் போகும் ஒரு கிழமைதான் இல்லை என்ற சொல்லைவிடச் சுடும். இடைக்கிடை ஒன்றுமே தேவைப்படாத நாளில் இங்கிருந்து கோல் எடுங்கள். "ஒண்டுக்குமில்லை, சும்மா எடுத்தனான்" என்று கேட்க அங்கே ஆட்கள் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பக் குரூப்பும் ஊர்க் குரூப்பும் பழைய மாணவர் குரூப்பும் ஒன்றாக முடியாது. குடும்பத்துக்கு இருபது பேருக்கு உட்பட்ட ஒன்று, அதில் ஃபோர்வேர்ட் தடை. மரணச் செய்தியைக் குரூப்பில் போட முதல் பிள்ளைகள், சகோதரங்கள் எல்லாருக்கும் தனித்தனிக் கோல் போய்விட்டதா என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும். தகப்பன் போன செய்தியை வேலைத்தளத்து இடைவேளையில் 'ஆழ்ந்த இரங்கல்' ஸ்டிக்கராகப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பார்க்காமலே பழகுவது: கலியாணப் பேச்சு

குறிப்புப் பொருந்தி, படம் மாறி, பெரியவர்கள் வீடியோவில் முகம் பார்த்த பிறகு பெடியனும் பிள்ளையும் தனியே கதைக்கத் தொடங்குவார்கள். குறைந்தது மூன்று மாதம் விடுங்கள். முதல் மாதம் யாரும் நல்லவர்தான்.

வீடியோவில் முகம் மட்டும் பார்த்துப் பயனில்லை. இருக்கும் வீடு, போகும் வேலை, கூடித் திரியும் நண்பர் இரண்டு பேர், சமைக்கும் குசினி எல்லாவற்றையும் ஒரு தடவையாவது பாருங்கள். குறித்த நேரத்தில் மட்டும் கிடைக்கிறார், சடுதியாக எடுத்தால் ஒருபோதும் எடுக்கிறார் இல்லை என்றால் காரணத்தைக் கேளுங்கள். இரவு வேலையாகவும் இருக்கலாம், இன்னொரு குடும்பமாகவும் இருக்கலாம். அதே நகரத்தில் இருக்கும் எங்கள் ஆள் ஒருவர் நேரே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது முப்பது வீடியோ கோலுக்குச் சமம். முன்னர் கலியாணம் செய்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் பிரதி, அங்கே என்ன விசாவில் இருக்கிறார் என்பதற்கான ஆவணம், இரண்டையும் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதற்குக் கோபப்படுவதே ஒரு பதில்.

என்ன கதைப்பது? படம், பாட்டு எல்லாம் இரண்டு கிழமையில் முடிந்துவிடும். சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு அனுப்புகிறார், மாமியார் கூட இருப்பாரா, போன பிறகு படிக்க விடுவாரா, பிள்ளை எப்போது, குடி எவ்வளவு, கோபம் வந்தால் என்ன செய்வார்: இவற்றைக் கதைக்கத்தான் அந்த மூன்று மாதம். ஒரு சண்டை வந்து அது எப்படித் தீர்ந்தது என்று பார்க்காமல் நாள் குறிக்க வேண்டாம்.

"எங்க நிக்கிறாய், வீடியோ போடு", "லாஸ்ட் சீன் பதினொரு மணி காட்டுது, ஆரோட கதைச்சனீ?", "பேஸ்புக் பாஸ்வேர்ட்டைத் தா" என்று தொடங்கினால் அது அக்கறை என்று தேறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தே இப்படி என்றால், ஒரே அறைக்குள், மொழி தெரியாத ஊரில், கையில் காசும் இல்லாமல் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அந்தரங்கப் படம் கேட்டால், நிச்சயம் முடிந்திருந்தாலும், இல்லை என்பதுதான் பதில். கலியாணம் குழம்பலாம், படம் போனில் இருந்துவிடும்.

பேச்சு முற்றி எழுத்து (பதிவுக் கலியாணம்) முடிந்தால் இன்னொரு வேலை உண்டு. கனடாவுக்குத் துணையை ஸ்பொன்சர் செய்யும்போது இருவரும் தொடர்பில் இருந்ததற்கான சான்று கேட்பார்கள். தானாக மறையும் மெசேஜ் போட்டு வைத்திருந்தால் காட்ட ஒன்றும் மிஞ்சாது. அதை நிறுத்திவிட்டு, மாதக் கடைசியில் 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். போன் கிணற்றுக்குள் விழுந்தாலும் சாட் கரையில் இருக்கும்.

யாரென்று தெரியாதவர் அன்பு காட்டும்போது

இதன் அச்சு மாறுவதில்லை. பேஸ்புக்கில் நட்பு அழைப்பு. வைத்தியர், கப்பல் கப்டன், வெள்ளைக்காரப் பெண் என்று ஒரு படம். காலையும் இரவும் தவறாத வணக்கம், சில கிழமையில் காதல். பிறகு நகையும் ஐபோனும் வைத்த பார்சல் அனுப்பியதாக ஒரு படம் வரும். இரண்டு நாளில் 'கஸ்டம்ஸ்' என்று உள்ளூர் நம்பரில் ஒருவர் எடுத்து, தனி ஆளின் வங்கிக் கணக்கு ஒன்றுக்கு வரி கட்டச் சொல்வார். சுங்கத் திணைக்களம் தனி ஆளின் கணக்கில் வரி வாங்குவதில்லை. முதல் தொகை கட்டியதும் இரண்டாவது கேட்பார்கள், அதற்குப் பிறகு மூன்றாவது. கணவனை இழந்து தனியே இருக்கும் பெண்களும், ஆறு மாதமாக யாரும் கோல் எடுக்காத வயதானவர்களும்தான் இதில் கூட அகப்படுவது. திட்டுவதைவிட அந்தச் சனிக்கிழமைக் கோலை எடுப்பது பலன்.

அடுத்தது, தெரிந்தவரின் கணக்கிலிருந்தே வரும் "அண்ணை, அவசரம், ஒரு லட்சம் போட்டுவிடுங்கோ, பின்னேரம் தாறன்." அவரின் வட்ஸ்அப்பை யாரோ பிடித்துவிட்டார்கள். எஸ்எம்எஸில் வரும் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு உங்களுக்கென்று ஒரு 6 இலக்க எண்ணை வையுங்கள். காசு கேட்டு மெசேஜ் வந்தால் சாதாரண கோலில் எடுத்துக் குரலைக் கேளுங்கள். இப்போது குரலையும் செயற்கையாகச் செய்கிறார்கள். ஆகவே குடும்பத்துக்குள் ஒரு கேள்வி வையுங்கள், "மெனிக்பாம் முகாமில எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் ஆர்?" என்பது மாதிரி, பேஸ்புக்கில் எங்கும் எழுதாத ஒன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைக் கண்டேன், விபரம் சொல்லக் காசு வேண்டும் என்று வரும் கோல்களும் இந்த வகைதான். அந்த நிமிடத்தில் தாய்க்கு யோசிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி, நம்பரையும் கேட்ட தொகையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

படத்தை வைத்து மிரட்டினால்: காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள். சாட்டை அழிக்க வேண்டாம். நம்பர், பெயர், மிரட்டல் எல்லாம் தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்த பிறகுதான் புளொக். 18 வயதுக்கு மேற்பட்டவர் ஸ்டொப்என்சிஐஐ தளத்திலும், கீழ்ப்பட்ட வயதில் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் தளத்திலும், படத்தை வெளியே கொடுக்காமலே அதன் எண் அடையாளத்தைப் பதிந்து, இணைந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்கலாம். இணையத் தொல்லைகளுக்கு உதவும் ஹிதவதி சேவையில் தமிழில் உதவி கேட்கலாம். சிறுவர் என்றால் 1929, பெண்கள் உதவிக்கு 1938, மனம் உடைந்து தனியே இருக்க முடியாத இரவுக்கு 1926. வீட்டில் பிள்ளை வந்து சொன்னால் முதல் கேள்வி "ஏன் அனுப்பினாய்" என்பதாக இருக்கக் கூடாது. அது நாளைக்கும் கேட்கலாம்.

செத்தவீட்டு லைவ்

பிள்ளைகள் நாலு நாட்டில். பயணச்சீட்டு, விசா, லீவு ஒன்றும் சரிவராது. லைவ்தான் அவர்களின் கடைசிப் பார்வை, ஆகவே இதை யாரோ ஒருவர் கையில் இருந்த போனால் பிடித்ததாக விடக் கூடாது.

பிடிப்பவர் நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது. அவருக்கும் அழ வேண்டியிருக்கும். அயலுக்குள் ஒரு நிதானமான பெடியனைப் பிடியுங்கள். இரண்டு போன் வேண்டும்: ஒன்று ஹொட்ஸ்பொட், மற்றது கமரா. கமராப் போனிலிருந்து சிம்மைக் கழற்றிவிடுங்கள், அல்லாவிட்டால் பந்தம் பிடிக்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது கோல் எடுப்பார்கள். வந்த சனம் எல்லாம் ஒரே கோபுரத்தில் தொங்குவதால் பகலில் டேட்டா படுத்துவிடும். முதல்நாள் இரவு சிக்னல் நல்லாக எடுத்ததை நம்பாமல் வேறொரு கம்பனி சிம்மும் கையில் வையுங்கள். இரண்டு பவர் பாங்க். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் உயரக் கதிரையில் போனைக் கட்டுங்கள்.

எதில் போடுவது? வட்ஸ்அப் குரூப் கோலில் 32 பேர்தான். ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறும். கிரியை அதற்குள் முடியாது. யூடியூப்பில் போனால் நேரே லைவ் போட 50 சந்தாக்காரர் வேண்டும், செத்தவீட்டன்று புதுக் கணக்கு உதவாது. பேஸ்புக்கில் குடும்பத்துக்கென்று ஒரு மூடிய குரூப் தொடங்கி அதற்குள் லைவ் போடுவதுதான் எங்கள் சனத்துக்குச் சுகம். ஒரு பொறி: பின்னால் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ரெக்கோட் ஓடினால் காப்புரிமை என்று பேஸ்புக் சத்தத்தை வெட்டிவிடக்கூடும். ரெக்கோட்டைக் குறைத்து, ஆட்களை வைத்துத் தேவாரம் பாடுங்கள். இன்னொரு போனில் தனியாகப் பதிந்தும் வையுங்கள்.

முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிப்பதென்றால் வீட்டாரிடம் முதலே கேளுங்கள். சுண்ணம் இடிக்கும்போதும் வாய்க்கரிசி போடும்போதும் வெளிநாட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி யாராவது ஒரு பிடி போட்டால், அந்தப் பெயர் லைவில் கேட்க வேண்டும். அந்த நேரம் மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள்.

லைவ் முடிந்ததும் அங்கே திரை கறுக்கும். வெளியே பனி, அறைக்குள் ஒரு ஆள், நாளைக்கு வேலை. தனியே இருந்து பார்த்தவர் யார் யார் என்று முதலே பெயர் எழுதி, முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஒவ்வொருவருக்கும் கோல் போக ஆள் வையுங்கள். எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் திரும்பவும்.

போனவரின் குரலும் பழைய படங்களும்

போனவரின் சிம்முக்கு யாரும் ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் வேறொருவருக்குப் போகும். ஒருநாள் 'அம்மா' என்ற பெயருக்குக் கீழே தெரியாத ஒருவரின் படம் வரும். வட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பாவிக்காமல் இருந்தால் அழிந்துவிடும். அதற்கு முதல் அவரின் சாட்டைத் திறந்து, வொயிஸ்களைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு பென்டிரைவுக்கும் அனுப்பிவிடுங்கள். பெயருக்குப் பதிலாக எண் வைத்துச் சேமித்தால் பிறகு தேட முடியாது. 'அம்மா, மாங்காய் ஊறுகாய் சொன்னது, 2023 சித்திரை' என்று எழுதுங்கள்.

2008, 2009 இடப்பெயர்வில் அல்பம் தொலைக்காத வீடு வன்னியில் அரிது. அந்தப் படங்களின் பிரதிகள் வெளிநாட்டுச் சொந்தங்களின் பெட்டிகளுக்குள் இருக்கின்றன, அந்தக் காலத்தில் கடிதத்தோடு போனவை. அவற்றைத் திரும்ப எடுக்கும் வேலைதான் சிதறிய குடும்பத்தை ஒரு குரூப்பில் இருத்த மிகச் சிறந்த சாட்டு. அங்கிருப்பவர் படத்தை அல்பத்தின் பொலித்தீனில் இருந்து எடுத்து, யன்னலோர நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுக்க வேண்டும். ஒட்டிப்போயிருந்தால் இழுக்காமல் அப்படியே எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், திகதியும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தை நசித்துவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். சீருடையில் நிற்பவர்களின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை அந்தந்த வீட்டைக் கேட்காமல் பொதுவில் போட வேண்டாம்.

படம் வந்ததும் அம்மம்மாவைக் கோல் கதிரையில் இருத்தி, ஒவ்வொன்றாகக் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று சொல்லச் சொல்லிக் குரலைப் பதியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம்; ஆறாவதில் களைத்துவிடுவார், இல்லாவிட்டால் அழுதுவிடுவார். இடையில் பேசாமல் இருந்தால் நிறுத்தாதீர்கள், ஓடட்டும். அனுப்ப முதல் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். பின்னால் கோழி கொக்கரித்திருந்தால் அதை வெட்ட வேண்டாம்.